அழுகிப்போன டாரகன் பாத்தி

ஹுவான் பள்ளத்தாக்கு, டாஸ்மேனியா
அக்டோபர், ஞாயிறு

அன்புள்ள டாம்சின் அக்காவுக்கு,

நான் நலம். அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. தோட்டம்தான் நாறுகிறது. எத்தனை சோப்புப் போட்டும் என் கையிலிருந்து அந்த நாற்றம் போகவில்லை.

வடக்கே நாற்றுப்பண்ணை வேலை முடிந்து, இங்கே குளிர் முடியும் நேரத்தில், போன மாதம்தான் வந்தேன். அம்மா சமையல் இலைக்காக வளர்த்த டாரகன் பாத்திமேல் ஈர வைக்கோல், அதன்மேல் பழைய கம்பளி, அதற்கும் மேலே பிளாஸ்டிக். தூக்கிப் பார்த்தால் கறுப்புக் கூழ். வேர் விரலில் சளி மாதிரி ஒட்டியது. நத்தைகள் குடும்பத்தோடு குடியிருந்தன.

குளிர்காலத்தில் அந்தச் செடியின் தண்டு காய்ந்துவிடும், வேர் மண்ணுக்குள் தூங்கும். ஈரம் சேராமல் சும்மா விட்டாலே போதும். அப்பா தினமும் காலையில் கெட்டிலில் வெந்நீர் வைத்து ஊற்றியிருக்கிறார்! கேட்டால், "வெளியே உறைபனிடா கேலம். அவ செடியை அப்படியே விட்டுட்டு நான் மட்டும் அடுப்புகிட்ட உக்காரவா?" என்கிறார். வேரை அவித்துவிட்டீர்கள் என்று கத்தினேன்.

அத்தோடு விட்டாரா? கடையில் விதை வாங்கிக் கண்ணாடிக்கூடத்தில் வளர்த்திருக்கிறார். நல்ல டாரகன் விதையே தராது, வேரைப் பிரித்துத்தான் நட வேண்டும். விதையில் முளைப்பது ருசியில்லாத ரஷ்ய வகை. அதைக் கட்டுக்கட்டாக, அம்மா வழக்கமாக அனுப்பும் பெட்டியிலேயே வைத்து ஹோபார்ட் உணவகத்துக்கு அனுப்பிவிட்டார். சமையல்காரி ஃப்ரீடா போனில் கிழித்தாள். "என்னய்யா இது, சாஸுக்கு அனுப்பினீங்களா, குதிரைக்கு அனுப்பினீங்களா? உங்க சம்சாரம் ரூத் இருந்திருந்தா இது கேட்டைத் தாண்டியிருக்குமா?" அப்பா ஓர் இலையைக் கிள்ளி மென்றார். "சோம்பு வாசனையே இல்லையேடா" என்று துப்பினார். நாற்றுத் தட்டு எல்லாவற்றையும் உரக்குழியில் கவிழ்த்தார்.

ஆக, அம்மாவின் செடி இனி உன்னிடம் மட்டும்தான், நீ அதைச் சாகவிடாமல் வைத்திருந்தால். அம்மாவின் அடக்கத்தன்று நீ வேர்த்துண்டு எடுத்ததைத் திருட்டு என்று அத்தனை பேர் முன்னால் அவர் சொன்னது கேவலமான பேச்சு. நான் அதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன்.

அக்காவிடம் கேட்கவா என்றேன். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுடா கேப்பேன்?" என்றார். மறுநாள் அந்த அழுகலை வெறுங்கையால் அள்ளிக் கொட்டினார். மணலும் சரளையும் கலந்து மேடாகப் புதுப் பாத்தி போட்டிருக்கிறார். அதில் வைக்க நான் பார்ஸ்லிக் கீரை நாற்றைக் கொண்டுபோனால் விரட்டுகிறார். மழையில் நின்று வெறும் மண்ணையே பார்க்கிறார். சகிக்கவில்லை.

துளிர் நீளுமுன், இந்த மாதமே வேரைப் பிரித்துவிடு. கூரியரில் மட்டும் அனுப்பாதே, பெட்டிக்குள் புழுங்கிவிடும். பர்னியிலிருந்து காரில் நாலைந்து மணி நேர வழிதானே, நீயே கொண்டு வா. நட எனக்கும் தெரியும். அந்தப் பாத்தியை உனக்கென்று வைத்திருக்கிறார், என்னை விடமாட்டார்.

நீ நன்றாயிருக்க வேண்டும்.

உன் தம்பி,
கேலம்