கிணற்றுக் கதவின் சாவி

12-1-2025, ஞாயிறு
பேத்தி நர்மதாவுக்குக் காலை மாத்திரை கொடுத்தேன். இது தொடங்கி இரண்டு வருசமாகிறது. பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் வெயிலில் நின்றவள் விழுந்தாள், கைகால் வெட்டி இழுத்தது. மூளை அலை டெஸ்ட் எடுத்து, வலிப்பு என்று எழுதிவிட்டார்கள். அன்றே கிணற்றுப் படியின் கம்பிக் கதவைப் பூட்டினேன். சாவி என் இடுப்பில். மல்லசமுத்திரத்துப் பக்கம் இவளைப் போல் கிணற்றில் குட்டிக்கரணம் போட்டுக் குதிக்க ஆண்பிள்ளையும் கிடையாது. இப்போது மாத்திரை அசதியில் புத்தகத்தின் மேலேயே தூங்கி விழுகிறாள்.

18-1
"ஆயா, கெணத்தைச் சும்மா பாக்கவாச்சும் தொற." திறக்கவில்லை.

6-2, சேலம்
புது டாக்டர் உஷாராணி. "விழறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு?" என்றார். இதை இதுவரை யாருமே கேட்கவில்லை.
"சாப்பிடாம போனனுங்க. வேர்த்துச்சு, கண்ணு இருட்டிக்கிச்சுங்க."
பழைய டெஸ்ட் தாளை விரித்து வெகுநேரம் பார்த்தார். "டெஸ்ட்ல தூங்கிட்டியாம்மா?"
"முந்துன ராத்திரி தூங்க உடாதீங்கன்னாங்க. நான்தானுங்க முழிக்க வெச்சேன்" என்றேன்.

13-2
மறுபடியும் எடுத்தார்கள். தலை நிறைய ஒயர். என்னைப் பக்கத்தில் நிற்க விட்டார்கள். கண்ணை மூடு என்றால் திரையில் சின்னச் சின்ன அலையாக வருகிறது, திற என்றால் அடங்குகிறது. எத்தனை தடவை சொன்னாலும்! பிறகு அவளுக்குக் கண் செருகியது. கோடுகள் மெதுவாயின. திடீரென்று கூராக ஒன்று எழும்பியது.
"அதுதானுங்களா டாக்டர்?"
"அது தூக்கம் பாட்டி. தூக்கம் வந்தா எல்லார் மூளையும் இப்படித்தான் எழுதும். பழைய தாள்லயும் இதேதான். வலிப்புன்னு தப்பாப் படிச்சிட்டாங்க. இவளுக்கு வந்தது வெறும் மயக்கம். மயக்கத்துலயும் சில பேருக்குக் கைகால் வெட்டும்."
தூக்கம்! பிறந்த நாளிலிருந்து மடியில் போட்டுத் தூங்கவைத்தேன். அது எப்படி இறங்குகிறது என்று இன்றுதான் கண்ணால் பார்த்தேன். கை தானாகக் கும்பிட்டது.

14-2
அந்தப் பழைய டாக்டர் எதிரில் இருந்தால் கேட்டிருப்பேன்: தூங்குனதுக்கா மாத்திரை குடுத்தீங்க? ரெண்டு வருசம் எம் புள்ளய— நானும்தான் ஒரு வார்த்தை கேட்டேனா? தாளைக் காட்டியதும் தலையாட்டிவிட்டேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தானே என்று.

2-3
மாத்திரை பாதியாயிற்று. மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டுமாம்.

18-5, ஞாயிறு
மாத்திரை நின்று பத்து நாள். நீந்தலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பூட்டு துருப்பிடித்திருந்தது. தேங்காயெண்ணெய் விட்டுத் திறந்தேன்.
"பயமா இருந்தா நீ கண்ண மூடிக்க ஆயா."
மூடவில்லை. குதித்தாள். எண்ணினேன். ஏழில் தலை தெரிந்தது.
மத்தியானம் ஈரத்தலையோடு கட்டிலில் சாய்ந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் செருகியது. இந்நேரம் உள்ளே அந்தக் கூர் எழும்பியிருக்கும்.