கறுப்பு வண்டியின் மயிர்க்கோடுகள்

மச்சான்,

பெயிண்ட் வாங்கப் பட்டணம் போகலாம் என்று இன்று காலை தாம்பரத்தில் ரயில் ஏறினேன். எனக்கு முன்னால் நின்றவனின் காது மடலில் வெள்ளைப் புள்ளிகள் காய்ந்து ஒட்டியிருந்தன. சானடோரியத்தில் கூட்டம் நெருக்கியபோது அவன் சட்டை என் மூக்குக்கு நேரே வந்தது. கார் பாலிஷுக்குப் பூசுகிற ரப்பிங் காம்பவுண்ட் வாசனை. மண்ணெண்ணெயில் சேற்றைக் குழைத்த மாதிரி இருக்குமே, அதேதான். என் உள்ளங்கால் கூசியது. குரோம்பேட்டையில் இறங்கி, பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் தூக்கி மேலே வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பெரியவர், "என்னப்பா, பூரான் ஏதாவது கீதா?" என்று கீழே குனிந்து பார்த்தார். பூரான்தான் என்று சொல்லிவிட்டேன்.

நீ போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. நீ செத்த பிறகு நடந்தது. அதைச் சொல்ல, முன்னால் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும் கேள்.

கிழக்குத் தாம்பரத்தில் வேளச்சேரி ரோட்டுப் பக்கம் இருந்த அந்தத் தகர ஷெட்டில் நான் ஸ்பிரே அடிக்கிறவன், நீ பாலிஷ்காரன். நான் அடித்த பெயிண்ட்டை நீ கண்ணாடியாக்குவாய். புதுப் புது வெளிநாட்டு மாடல் கார்கள் ரோட்டுக்கு வந்துகொண்டிருந்த நேரம் அது. பழைய வண்டிக்காரர்கள் கீறலைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. புது வண்டிக்காரர்கள், டிரைவர் அழுக்குத் துணியால் துடைத்ததில் விழுந்த மெல்லிய கோட்டுக்கெல்லாம் ஓடி வந்தார்கள். வெயிலில் நிறுத்தினால்தான் அந்தக் கோடுகள் தெரியும், சிலந்தி வலை மாதிரி. நாம் அதற்கு மயிர்க்கோடு என்று பெயர் வைத்திருந்தோம். ஓனர் உன்னைக் கூப்பிட்டுத் திட்டினார்.

"கஸ்டமர் முன்னாடி அந்த வார்த்தைய சொல்லாதடா. ஹேர்லைன்னு சொல்லு."

"ரெண்டும் ஒண்ணுதான சார்?"

"ஒண்ணுதான். ஆனா அதுக்கு நூறு ரூபா ஜாஸ்தி வாங்கலாம்."

அன்று முழுக்க நீ என்னை "டேய் ஹேரு" என்றே கூப்பிட்டாய்.

உன் வேலை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. முதலில் வண்டியைக் கழுவி ஒரு மணல் துகள்கூட இல்லாமல் செய்வாய். ஓரங்களில் பேப்பர் டேப் ஒட்டுவாய், ஓரத்தில் பெயிண்ட் மெல்லிசு, மிஷின் பட்டால் போய்விடும் என்று. பிறகு பானட்டில் காம்பவுண்டைப் பொட்டுப் பொட்டாக வைத்து, கம்பளிப் பஞ்சு மாட்டிய மிஷினை அதன் மேல் மெதுவாக ஓட்டிப் பரப்புவாய். அப்புறம் வேகம். ஒரே இடத்தில் நின்றால் சூடேறிப் பெயிண்ட் வெந்துவிடும். மாவாட்டுகிற மாதிரி இடுப்பிலிருந்து ஆடிக்கொண்டே இருப்பாய். முடித்ததும் குனிந்து, கூரையில் எரிகிற டியூப்லைட் பெயிண்ட்டுக்குள் எப்படித் தெரிகிறது என்று பார்ப்பாய். கோடு நேராகத் தெரிந்தால் முடிந்தது. சுற்றிப் பஞ்சு மாதிரி மங்கினால் மறுபடியும்.

நாள் முழுக்கக் குனிந்து குனிந்து டியூப்லைட்டைத்தான் பார்த்தாய்.

மிஷின் ஓடும்போது உன் மேல் கீறுகிற பொருள் எதுவும் இருக்கக் கூடாது. சட்டைப் பொத்தான் கீறும், பெல்ட் கீறும், கல்யாண மோதிரம் கீறும். எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு லுங்கியை மடித்துக் கட்டிக்கொள்வாய். செருப்பு வாசலிலேயே. செருப்பில் ஒட்டி வருகிற மணல் பறந்து பஞ்சில் ஏறினால் ஒரு மயிர்க்கோட்டை எடுக்கப் போய் நூறு கோடு விழும் என்று ஓனர் போர்டே மாட்டியிருந்தார். புழுதி எழும்பக் கூடாது என்று தரையிலும் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஓனருக்கு மட்டும் ஷூ. அவர் மணலில் நடப்பதில்லையாம்.

"எங்க சர்ச்சுலயும் செருப்ப வாசல்லதான் வுடறோம்" என்பாய். "அங்கயாவது பாட்டு கீது. இங்க இன்னாடா கீது?"

"இங்க சாமிக்கு டயர் கீது."

அப்படிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

அந்த மிஷின் ஏதோ கம்பெனி ஏலத்தில் வந்தது. இரும்பு உடம்பு. வயர் மூன்று இடத்தில் ஒட்டுப் போட்டது. பிளக் உடைந்து போனதால் இரண்டு வயரின் நுனியைச் சீவி சாக்கெட்டில் செருகி, தீக்குச்சியால் இறுக்கி வைத்திருந்தோம். எர்த்துக்கான மூன்றாவது வயரை யாரோ முன்பே வெட்டிவிட்டிருந்தார்கள். ஊரில் பாதி ஷெட்டில் அப்படித்தான், இன்றும். மழைக்காலம் வந்தால் மிஷின் கையில் சுருக்கென்று கிள்ளும். நாம் அதற்கும் ஒரு பெயர் வைத்திருந்தோம், எறும்பு. "இன்னிக்கு எறும்பு ஜாஸ்திடா" என்று கையை உதறிவிட்டு மறுபடி பிடிப்பாய்.

ஒருநாள் இரண்டு பேருமாகப் போய் ஓனரிடம் சொன்னோம். அவர் கெட்டவர் மாதிரி நடந்துகொள்ளவில்லை. உடனே எழுந்து வந்தார். மிஷினை ஓடவிட்டு, அதன் இரும்பு உடம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். நம் எல்லோர் முகத்தையும் பார்த்தார்.

"எங்கடா ஷாக்கு? எனக்கு ஒண்ணும் அடிக்கலையே?"

நம் கண் முன்னால் பிடித்துக் காட்டுகிறார், என்ன சொல்ல முடியும்? நீ தலையைச் சொறிந்தாய். "எனக்குதான் ஒடம்பு வீக்கா கீது போல சார்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அவர் காலில் தடித்த ரப்பர் அடி வைத்த ஷூ. நம் கால் ஈரத்தில். ஒரே மிஷின்தான், நிற்கிற கால்தான் வேறு. அதைப் பார்க்கிற கண் அந்த ஷெட்டில் ஒருத்தனுக்கும் இல்லை.

சிட்லபாக்கத்திலிருந்து ஒரு ரிட்டயர்டு அதிகாரி, புதுக் கறுப்பு வண்டியைக் கொண்டுவந்து விட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் கல்யாணம், மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த வண்டிதான். கறுப்பில் மயிர்க்கோடு எல்லாமே தெரியும். வெள்ளிக்கிழமை நல்ல மழை. ரோட்டுத் தண்ணீர் ஷெட்டுக்குள் வந்து, உன் கணுக்காலுக்குக் கீழே நின்றது. பானட் முடித்து, பின் கதவுக்கு வந்திருந்தாய். நான் பம்பரை வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மிஷின் சத்தம் மாறவே இல்லை மச்சான். அதைத்தான் என்னால் யாருக்கும் விளக்க முடியவில்லை. கத்தவில்லை, விழுகிற சத்தம் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். நீ கதவின் மேல் குனிந்திருந்தாய். டியூப்லைட்டைப் பார்க்கிறாய் என்று நினைத்தேன். மறுபடி தேய்க்க ஆரம்பித்தேன். பெயிண்ட் வேகிற நாற்றம் வந்தபோதுதான் தெரிந்தது, நீ ஒரே இடத்தில் நிற்கிறாய் என்று. நீ ஒரே இடத்தில் நிற்கிறவன் இல்லை.

வயரை ஒரு கட்டையால் அடித்தேன். தீக்குச்சிகள் தெறித்தன. அப்போதுதான் உன் கை மிஷினை விட்டது.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனோம், வந்தோம். அதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. நான் திரும்பி வந்தபோது சிட்லபாக்கத்துக்காரர் வந்திருந்தார். "அடப்பாவமே, சின்ன வயசு" என்றார். உண்மையாகவே சொன்னார். சொல்லிக்கொண்டே குனிந்து பின் கதவைத் தடவினார். மிஷின் நின்ற இடத்தில் பெயிண்ட் போய்த் தகரம் பளிச்சென்று தெரிந்தது. "இது சண்டேக்குள்ள ஆயிடுமா?" என்று கேட்டார்.

ஆயிற்று. நான் மாட்டேன் என்றதும் பல்லாவரத்திலிருந்து வேறொரு ஆளைக் கொண்டுவந்தார்கள். அதே மிஷின், மேலே கறுப்பு டேப் சுற்றி. அவனும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தான். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கறுப்பு வண்டி மல்லிகைச் சரத்தோடு போனதாம். ஒரு கோடு இல்லாமல்.

ஓனர் போலீஸிடம் சொன்னது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. "குடிச்சுட்டு வந்து மிஷினப் புடிச்சான் சார், நான் வேணாம்னுதான் சொன்னேன்." ஷெட்டில் வேலை செய்கிறவன் எல்லோர் மேலும் தின்னர் நாற்றம் அடிக்கும். ஏட்டு உன் லுங்கியை மோந்து பார்த்துவிட்டு ஆமாம் என்று எழுதிக்கொண்டார். அதற்கு மேல் உன்னை அறுத்துப் பார்த்ததில் என்ன வந்தது என்று நமக்கு யார் சொல்லப் போகிறார்கள்?

இதில் அடிபட்டது உன் மனைவி ஸ்டெல்லா. உனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது அந்தக் குடி ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். பாப்பாவின் ஞானஸ்நானத்தன்று சர்ச்சில் நின்று, அவள் அப்பாவின் கையைப் பிடித்து, இனிமேல் தொட மாட்டேன் என்று சொன்னாய். அன்றிலிருந்து நீ தொடவில்லை. சம்பளத்தன்று நாங்கள் கடைக்குப் போகும்போது நீ வாசலில் கடலை வாங்கித் தின்றுகொண்டு நிற்பாய். உன்னை எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறோம்! ஆனால் கல்லறையிலேயே உன் மாமனார், அந்த ரிட்டயர்டு வாத்தியார், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார். "ஆண்டவர் முன்னாடி சொன்ன வார்த்தையக் காப்பாத்தல. நான் என்ன ஜெபம் பண்றது?"

ஸ்டெல்லா என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு. குடிச்சிருந்தாரா?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

"நீங்க அவரு ஃபிரெண்டு. வேற எப்படிச் சொல்லுவீங்க?" அழவில்லை. அவ்வளவு சோர்வாகச் சொன்னாள். "எனக்கு அவரு போனது கூட இல்லண்ணா. பொய் சொல்லிட்டுப் போனாரான்னு தெரியணும்."

வீட்டுக்கு வந்து படுத்தால் ஓனர் மிஷினைப் பிடித்துக் காட்டிய அந்தக் காட்சியே ஓடியது. எனக்கு ஒண்ணும் அடிக்கலையே, எனக்கு ஒண்ணும் அடிக்கலையே. அந்தக் காட்சியில் முதல் தடவையாக அவர் காலைப் பார்த்தேன். எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த வாரம் உன் துணிமணியை வாங்கிவர வேண்டும் என்று சொல்லி ஸ்டெல்லாவை ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பல்லாவரத்து ஆள் ஒரு வெள்ளை வண்டியில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். தரை ஈரம். இரண்டு கஸ்டமர்கள் நாற்காலியில் இருந்தார்கள். ஓனர் ஸ்டெல்லாவுக்கு எழுந்து நின்று கும்பிட்டார்.

"நல்ல வேலைக்காரன்மா. கை அப்படி. அந்தப் பழக்கம் மட்டும் இல்லாம இருந்திருந்தா..."

"சார்" என்றேன். "அந்த மிஷின ஒரு தபா புடிச்சுக் காட்டுங்க சார். அன்னிக்கு எங்களுக்குக் காட்டுனீங்களே."

"இப்ப எதுக்குடா?"

"அதே மாதிரி. ஷூ மட்டும் கழட்டிட்டு."

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவர் முகத்தில் அது புரிகிற நேரத்தை நான் பார்த்தேன்.

"மிஷின் ரிப்பேர் பண்ணியாச்சு. போடா, வேலையப் பாரு."

"ரிப்பேர் பண்ணியாச்சுன்னா அப்புறம் இன்னா சார்? கழட்டுங்க. நாங்க தெனம் நிக்கிற தரதான். நீங்களும் குடிக்கலல்ல?"

கஸ்டமர்களில் ஒருவர் பேப்பரைத் தாழ்த்தினார். பல்லாவரத்து ஆள் மிஷினை நிறுத்தினான். சத்தம் அடங்கியது. அவன் எங்களை ஒரு தடவை பார்த்தான், தரையைப் பார்த்தான், மிஷினைத் துணி மேல் வைத்துவிட்டு, வாசலுக்கு நடந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டான்.

"கழட்டுங்க சார்" என்றாள் ஸ்டெல்லா. கோபமில்லை. குழந்தையிடம் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

ஓனர் ஒரு அடி பின்னால் போனார், உலர்ந்த இடமாகப் பார்த்து. அந்த ஒரு அடியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பிறகுதான் அவருக்குக் குரல் வந்தது. கண்டபடி கத்தினார், போலீஸைக் கூப்பிடுவேன் என்றார், என் கணக்கை முடித்து வெளியே தள்ளினார். எல்லாம் அந்த ஒரு அடிக்கு அப்புறம்.

ரோட்டுக்கு வந்தோம். பஸ் ஒன்று சேற்றை வாரி அடித்துவிட்டுப் போனது. ஸ்டெல்லா புடவையைப் பார்த்துக்கொள்ளவே இல்லை.

"அவரு குடிக்கலண்ணா" என்றாள்.

இந்த முறை அவள் என்னைக் கேட்கவில்லை. எனக்குச் சொன்னாள்.

போலீஸ் எழுதியது எழுதியதுதான். அதை மாற்ற நாங்கள் அலைந்தோம், யாரும் மாற்றவில்லை. அந்த ஷெட் இன்றும் ஓடுகிறது. ஆனால் உன் பெயரில் வீட்டில் வைத்த ஜெபக்கூட்டத்தில் உன் மாமனார் எழுந்து நின்றார். பைபிள் கையில் இருந்தது, திறக்கவில்லை. "ஆண்டவரே, வேலை செஞ்சுகிட்டே செத்துப்போன எங்க புள்ளைக்காக" என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. ஸ்டெல்லாதான் முடித்தாள். உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நான் வைத்திருந்தது இதுதான்.

நான் இப்போது படப்பையில் ஒரு ஷெட்டில் இருக்கிறேன். இதற்கு நடுவே சில இடங்களில் வேலைக்குச் சேர்ந்தேன், சில இடங்களில் சேர்ந்த அன்றே துரத்தினார்கள். பேஜார் புடிச்சவன் என்று எனக்குப் பெயர். எந்த ஷெட்டுக்குப் போனாலும் மிஷினைத் தொடுவதற்கு முன்னால் ஓனரைக் கூப்பிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்தில் நின்று இதை ஒரு தடவை பிடியுங்கள் என்று கேட்கிறேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் அடிக்க வருவார்கள். படப்பைக்காரர் சாக்கெட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, எலெக்ட்ரீஷியனைக் கூட்டிவர ஆள் அனுப்பினார்.

ஆனால் அவரும் கழற்றவில்லை மச்சான். இதுவரை ஒருத்தனும் கழற்றியதில்லை.