பிச்சி மொக்கலு

நாகர்கோவில்,
2 ஜூன் 2025

அன்புள்ள ஜெயந்த்,

நானும் ரஷ்மியும் சுகம். அவளுக்குக் கடைவாய்ப் பல் வருகிறது; வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

போனில் பேசினால் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்கிறார். வாட்ஸ்அப்பில் நான் பத்து வரி எழுதினால் நீங்கள் ஒரு கட்டைவிரல் அனுப்புகிறீர்கள். அதனால்தான் தபால்.

புருஷனுக்குச் சுற்றுச்சூழல் கம்பெனியில் புது வேலை என்று இங்கே எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். நீங்கள் சொன்னதைத்தான் சொன்னேன். நேற்று என் தம்பி அபிநவ் ஒரு படம் காட்டினான். ஏரிக்கரையில் இருபது பேர், பச்சை ஜாக்கெட். மூன்றாவது ஆள் நீங்கள், கையில் குப்பை இடுக்கி. கீழே, ‘வேலையில்லா இளைஞர்களுக்கான சுற்றுச்சூழல் திறன் பயிற்சி: சமூக சேவை நாள்’. அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தார். “முப்பது வயசுல மருமவன இளைஞர்னு சொல்லிட்டான், சந்தோசம்” என்றார்.

குப்பை பொறுக்கியதற்கு நான் வெட்கப்படவில்லை. அபிநவின் போனில் தெரிந்துகொண்டதற்குத்தான் வெட்கப்பட்டேன்.

இங்கே ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது. 30ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். சேர்ந்தால் ஒரு வருடம் விட முடியாது. முடிவு உங்கள் கையில்.

நீலா


அல்வால், ஹைதராபாத்,
9 ஜூன் 2025

அன்புள்ள நீலா,

கடிதம் கிடைத்தது. புரிந்தது.

ஜனவரியில் கம்பெனி என்னை வேலையைவிட்டு அனுப்பிவிட்டது என்பது உனக்குத் தெரியும். மார்ச்சில் சேர்ந்தது வேலை அல்ல, பயிற்சி. ஏரித் தண்ணீரைச் சோதிப்பது, உரக்குழி போடுவது, கழிவுநீரைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தை ஓட்டுவது. கூடவே நூற்றிருபது மணி நேரம் சமூக சேவை. முடித்தால் சான்றிதழ். சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துவிடு.

இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். நேற்று சைனிக்புரியில் ஒரு காலனிப் பூங்காவில் சேவை. ஒருங்கிணைப்பாளர் முரளி என்னைவிட ஆறு வயது சின்னவன். “பிச்சி மொக்கலு அன்னி பீகேயண்டி” என்றான். “அர்த்தமைந்தா?” என்று, புரிந்ததா எனக் கேட்டான். கட்டைவிரலைத் தூக்கினேன். வாசல் வளைவு முழுக்க நம் ஊர்ப் பிச்சிப்பூக் கொடி படர்ந்திருந்தது. மொக்கு அத்தனையும் கிள்ளினேன். இரண்டு வாளி.

அந்தக் கொடியை நட்டவர் சகுந்தலா அம்மாள், காலனிச் செயலாளர், வேலூர்க்காரர். “யாருப்பா நீ? புல்லு இடுப்பு வரைக்கும் நிக்குது, அதை உட்டுட்டு மொக்கைக் கிள்ளிக்கினு இருக்க!” என்றார். முரளி தலையில் கை வைத்துக்கொண்டு, “கைக்கு அன்னா, கைக்கு?” என்றான். ஏன் அண்ணா, ஏன் என்று கேட்கிறானாம்.

தெலுங்கில் ‘பிச்சி மொக்கலு’ என்றால் களைச்செடிகளாம்; எல்லாவற்றையும் பிடுங்கச் சொல்லியிருக்கிறான். சகுந்தலா அம்மாள் கையெழுத்துப் போடாவிட்டால் சான்றிதழ் இல்லை.

ரஷ்மிக்கு முத்தம்.

ஜெயந்த்


நாகர்கோவில்,
15 ஜூன் 2025

ஜெயந்த்,

வாளி வரைக்கும் வந்தபோது சிரித்துவிட்டேன். “என்ன மக்ளே, தனியா இருந்து சிரிக்க?” என்று அப்பா எட்டிப் பார்த்தார். பிறகு கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது.

தெலுங்கு தெரியாதது குற்றமா? தெரியாது என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா? ரஷ்மிக்கு ஐந்து சொட்டு என்று டாக்டர் சொன்னபோதும் தலையாட்டினீர்கள், வீட்டுக்கு வந்து, “அஞ்சு சொட்டா, அஞ்சு மில்லியா?” என்று என்னைக் கேட்டீர்கள். டாக்டர் தமிழில்தான் சொன்னார்.

என் கடிதத்துக்கும் ‘புரிந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன புரிந்தது? பள்ளி வேலையைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா உங்கள் கடிதத்தில்? களையை விட்டுவிட்டு மொக்கைக் கிள்ளுவதுதான் இங்கேயும் நடக்கிறது.

இன்னும் பதினைந்து நாள்.

நீலா


அல்வால்,
21 ஜூன் 2025

அன்புள்ள நீலா,

எனக்குப் புரியவில்லை.

‘முடிவு உங்கள் கையில்’ என்றால் என்ன? உன்னைக் கூப்பிடச் சொல்கிறாயா, விட்டுவிடச் சொல்கிறாயா? நான்கு தடவை படித்துவிட்டேன்.

எனக்குத் தெலுங்கு வராது என்று முரளியிடம் சொன்னேன். “ஹவ்?” என்றான்; ‘அப்படியா?’ என்று அர்த்தம். இரண்டு வருடமாக இங்கே இருந்துமா என்று சிரித்தான். இப்போது செடியைத் தொட்டுக் காட்டுகிறான். பூங்காக் களை முழுவதையும் மூன்று நாளில் பிடுங்கினேன். கையெழுத்து கிடைத்துவிட்டது.

திருமுல்கேரிப் பக்கம் ஒரு அடுக்குமாடியில் கழிவுநீர் இயந்திரத்துக்கு ஆள் கேட்கிறார்கள். பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை. நாற்றம் சட்டையிலும் வரும். எனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது. நீயும் குழந்தையும் இங்கே இருக்க வேண்டும் என்பது என் ஆசை. உனக்கு என்ன வேண்டும்? தெளிவாக எழுது.

ஜெயந்த்


நாகர்கோவில்,
27 ஜூன் 2025

அன்புள்ள ஜெயந்த்,

கல்யாணமாகி நான்கு வருடத்தில் எனக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் கேட்டது இதுதான் முதல் தடவை.

தெளிவாகவே எழுதுகிறேன். பள்ளிக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன். அப்பா இரண்டு நாளாகப் பேசவில்லை. பேப்பரை மட்டும் சத்தமாக மடிக்கிறார். ஹைதராபாத்திலும் பள்ளிக்கூடம் இருக்கும், நானே தேடிக்கொள்வேன். நாற்றச் சட்டையை நீங்களே துவைக்க வேண்டும். சகுந்தலா அம்மாளுக்கு ஒரு பிச்சிப் பதியன் கொண்டுவருகிறேன். அதை நீங்கள் தொடக் கூடாது.

6ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறுகிறோம். மறுநாள் திங்கள்கிழமை, காச்சிகூடா ஸ்டேஷன். செகந்திராபாத்தில் போய் நிற்காதீர்கள். எதுவாவது புரியாவிட்டால் போன் பண்ணிக் கேளுங்கள். அப்பா கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

இதற்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் வந்தால், வழியில் கர்னூலிலேயே இறங்கித் திரும்பிவிடுவேன்.

நீலா