அப்பாவை யாரும் கேட்கவில்லை

காரிமங்கலம்
சுபானு வருஷம், பங்குனி 20

அன்பு மகள் காவேரிக்கு அம்மா எழுதிக்கொண்டது. உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே கண்ணு? நானும் மாடும் கன்றும் சுகம். அப்பாவும் சுகம் என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறேன், ஏன் அப்படி எழுதுகிறேன் என்பது கீழே தெரியும். பல்லாரி வெயில் நம் வெயிலைவிடப் பொல்லாதது என்று கேள்வி, பள்ளிக்கூடம் விட்டதும் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நட, வெட்கப்படாதே. இங்கே சீமெண்ணெய் கிடைப்பதில்லை, பொழுது சாயுமுன் சமைத்துவிடுகிறேன். தர்மபுரி பஸ் இப்போது கரிப்புகையில் ஓடுகிறது, மேட்டில் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டியிருக்கிறது. உன் சித்தப்பா மாரப்பன் டிக்கெட்டும் வாங்கி வண்டியையும் தள்ளுவதற்கு என் கட்டை வண்டியே மேலுங்க என்று கண்டக்டரிடம் சண்டை போட்டாராம்.

நீ போன மாதம் அப்பாவுக்குப் போட்ட கடிதம் வந்தது. ஒரு மன்னிப்பு மனு எழுதிக் கொடுத்து வேலையைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், வீணாய் முறுக்கிக்கொள்ள வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அப்பா அதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவளுமா என்றார். அவ்வளவுதான், எழுந்து அவரைக்கொடிப் பந்தலுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ எங்களுக்கு நல்லது நினைத்துத்தான் எழுதினாய். ஆனால் நடந்தது என்ன என்று உனக்குத் தெரியாது, எங்களிடம் கேட்கவும் இல்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

போன பங்குனியில் அம்மை குத்த அப்பா வத்தல்மலைக்கு ஏறினார் அல்லவா, மேலே ஓர் ஊரில் மாரியம்மா வந்திருந்தாள், அம்மைதான். அப்பா போய்ச் சேர்ந்த அன்றைக்கே ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருக்கிறவர்கள் காப்பு அவிழ்க்கிற வரைக்கும் எல்லை தாண்டக் கூடாது, வெளியூர் ஆளானாலும் அப்படித்தான். நான் சர்க்கார் ஆள், என்னை விடுங்கள் என்று அப்பா இறங்கி வந்திருக்கலாம். வந்திருந்தால் அப்புறம் அந்த ஊரில் ஒரு குழந்தையின் கையைக்கூட அவர் தொட முடியாது. ஆகவே அங்கேயே தங்கி, அவர்கள் போட்ட சாமைச் சோற்றைத் தின்று, கோயிலுக்குத் தண்ணீர் சுமந்துகொண்டு கிடந்தார். காப்பு அவிழ்த்த காலையில் ஊர்ப் பெரியவர் கரியன் தன் பேத்தியைத் தூக்கிவந்து முதல் கையை நீட்டச் சொன்னாராம். அன்றைக்கு அந்த ஊரில் குத்தாத கை இல்லை.

அந்த நாட்களில் மேலதிகாரி அடிவாரத்துக்கு வந்திருக்கிறார். அப்பாவைக் காணோம். யாரோ, அவர் மலைமேல் திருவிழாவுக்குப் போயிருக்கிறாருங்க என்று சொல்லியிருக்கிறார்கள். அதிகாரியும், அம்மை பரவுகிற காலத்தில் வேலையை விட்டுத் திருவிழா பார்க்கப் போன ஆள் என்று எழுதிவிட்டார். அப்பா சந்தோஷமாக இறங்கி வருகிறார், வீட்டில் டிஸ்மிஸ் உத்தரவு காத்திருக்கிறது. ஒருவரை வேலையை விட்டு நீக்குவதற்கு முன்னால் நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டாக வேண்டும், அது சட்டம் என்று தர்மபுரி வக்கீல் சொன்னார். அப்பா எத்தனை தடவை ஆபீசுக்கு நடந்தார் தெரியுமா? கரியனும் நாலு பேரும் மலையிலிருந்து இறங்கி சாட்சி சொல்லக் கூடவே போனார்கள். உத்தரவு போட்டாச்சு, இனி எதுக்குக் கேக்கணும் என்று வாசலிலேயே பியூன் திருப்பி அனுப்பிவிட்டான். மன்னிப்புக் கேட்டால் பார்க்கலாம் என்று குமாஸ்தா சொன்னாராம். செய்யாததுக்கு எப்படிங்க மன்னிப்புக் கேட்பது என்று அப்பா வந்துவிட்டார்.

இப்போது மறுபடியும் அந்த ஊரில் அம்மை. அப்பா இடத்துக்கு வந்திருக்கிற குப்புராஜ் போனபோது, எங்க நஞ்சப்பனை அனுப்புங்க என்று அப்பா பேரையே சொல்லி, உங்க கிட்டக் கையைக் காட்ட மாட்டோம் என்று எல்லையிலேயே மறித்துவிட்டார்கள். போன வாரம் நம் வாசலில் ஒரு மோட்டார் வந்து நின்றது. அதே அதிகாரி. அப்பா விசாரணைதான் என்று நினைத்து, பெட்டியிலிருந்து கறுப்புக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். நான் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதிகாரி மலைக்கு எது நல்ல பாதை, மேலே யாரிடம் பேசினால் கேட்பார்கள் என்று கேட்டார். கேட்டு முடித்துவிட்டார். அப்பா இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார், வேறு ஏதோ வரும் என்று. வரவில்லை. அப்புறம் பாதையைச் சொன்னார்.

சொன்னதோடு விடவில்லை, குப்புராஜோடு தானும் ஏறுவதாகக் கிளம்பிவிட்டார். நான் வாய்விட்டே திட்டினேன். உங்களைத் துரத்தினவனுக்கு நீங்களே வழிகாட்டியா, மானம் ரோஷம் இல்லையா என்றேன். அதற்கு அவர், என்னை அவங்க கேக்கலே, அதுக்கு அந்தப் பிள்ளைங்க என்ன பண்ணுச்சு என்றார். போய்விட்டார். வெள்ளிக்கிழமை மேலே காப்புக் கட்டிவிட்டார்களாம், அடிவாரத்துப் பாஞ்சாலி சந்தைக்கு வந்தபோது சொன்னாள். ஆகவே இந்தப் பங்குனியிலும் அப்பா எல்லைக்குள்தான் இருக்கிறார். இந்தத் தடவை அவரைக் காணோம் என்று எழுத ஆளில்லை.

கண்ணு, உனக்கு ஒன்று சொல்கிறேன். இந்த ஒரு வருஷமாக அப்பா மாட்டைக் குளிப்பாட்டும்போது தனக்குள்ளே பேசிக்கொள்கிறார். முதலில் என்னவோ என்று பயந்தேன், பக்கத்தில் போய்க் காது கொடுத்துக் கேட்டால், ஐயா, நான் ஓடிப்போகலீங்க, அன்னைக்குக் காலையிலே மலை ஏறினேனுங்க என்று ஆரம்பித்து, ஒன்று விடாமல் சொல்கிறார். பதிலை அப்படித் தயாராக வைத்துக்கொண்டிருக்கிறார். கேள்விதான் வரவில்லை. ஆபீஸ் இனிமேல் கேட்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நீ கேள். வகுப்பில் பேசவே கூச்சப்படுகிறவள் நீ, கடிதத்தில் கேட்பதற்கு என்ன கூச்சம்? புத்தி ஒன்றும் சொல்லாதே. அப்பா, போன வருஷம் மலைமேல் என்ன நடந்தது என்று மட்டும் எழுது. நான் இதிலே எல்லாம் சொல்லிவிட்டேன் என்று காட்டிக்கொள்ளாதே, அவர் வாயால் சொல்லட்டும்.

மாரியம்மன் உன்னை ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்வாள். எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே. காப்பு அவிழ்த்து அப்பா இறங்குவதற்குள் உன் கடிதம் இங்கே வந்திருக்க வேண்டும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா
சின்னம்மாள்