கோயில் கிணற்றுத் தண்ணீரில் போட்ட கூரை

இன்று காலை குசினியில் தேத்தண்ணீர் வைத்துக்கொண்டு நிற்கிறேன், வேலிக்கு அப்பாலிருந்து ஈரச் சீமெந்து மணம் வருகிறது. அடுத்த வளவில் மேல்வீட்டுக்குக் கூரைப் பிளாற் போடுகிறார்கள். கொங்கிறீற் குழைக்கிற மெஷின் விடியவே தொடங்கிவிட்டது. நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வேலிப் பொட்டுக்குள்ளால் போயிருப்பீர்கள். மணலைப் பார்க்க மாட்டீர்கள், கம்பியைப் பார்க்க மாட்டீர்கள். நேரே தண்ணீர்ப் பீப்பாவுக்குப் போய் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பீர்கள். கடைசிக் காலத்தில் எங்கே கட்டட வேலை நடந்தாலும் அதுதானே உங்களுக்குப் பழக்கம். வேலையாட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். தேத்தண்ணீர் ஆறிப் போய்க் கிடக்கிறது.

சண்டை முடிந்து சனங்களை ஊர்களுக்குத் திரும்ப விட்ட காலத்தில் உங்களுக்கு ஓய்வே இருக்கவில்லை. நெல்லியடிப் பக்கத்துப் பெரிய கல்லூரி வேலைகளைப் பெரிய கொந்தராத்துக்காரர்கள் எடுத்தார்கள். கூரை இல்லாத, கதவு நிலைகளும் களவுபோன, சுவரெல்லாம் பொத்தல் விழுந்த ஆரம்பப் பள்ளிக்கூடங்களைத் திருத்திக் கட்டுகிற வேலை உங்களுக்கு வந்தது. "சின்னப் பிள்ளையளின்ரை பள்ளிக்கூடம் எண்டால் வேலை சின்னன், கரைச்சல் பெரிசு" என்று சொல்லிக்கொண்டே ஒன்று முடிய அடுத்ததை எடுத்தீர்கள். தூண்களின் மூலைகளைக் கூராக விடமாட்டீர்கள். மேசன்மார் போன பிறகு நீங்களே கரண்டியால் வழித்து உருட்டி விடுவீர்கள். ஓடிவருகிற பிள்ளையின் நெற்றி அந்த உயரத்தில்தான் இருக்கும் என்பீர்கள். வேலை முடிந்த வகுப்பறையில் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்துகொண்டு, கரும்பலகை தெரிகிறதா, காற்று வருகிறதா என்று பார்ப்பீர்கள். பெரிய உடம்பு. எழும்புவதற்கு நான் கை தரவேண்டும்.

உங்களைக் கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து கணக்கு முழுக்க என் கையில் இருந்தது. எட்டாம் வகுப்போடு இடம்பெயர்ந்து படிப்பை விட்டவள் நான். உங்கள் பற்றுச்சீட்டுகளைப் பார்த்துப் பார்த்தே கணக்குப் படித்தேன். "உம்மடை எழுத்தைப் பாத்துத்தான் என்னை ஒழுங்கான ஆள் எண்டு நம்புறாங்கள்" என்று நீங்கள் பகிடி பண்ணுவீர்கள்.

பிறகு எங்கள் சொந்த ஊர்ப் பள்ளிக்கூடம் வந்தது.

கோப்பாயில் வந்து குடியேறி எவ்வளவு காலம் ஆனாலும் நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கடற்கரையில் பிறந்தவர்கள். சுனாமியில் போன பள்ளிக்கூடம் நின்ற இடத்தில் அத்திவாரம் மட்டும் மணலுக்கு மேலே தெரிந்தது. கட்டடப் படத்தில் சீற் கூரைதான் போட்டிருந்தது. ஊரார் ஒத்துக்கொள்ளவில்லை. கொங்கிறீற்றில் தட்டையாய்ப் பிளாற் போட்டு, பக்கத்தால் படியும் வைக்க வேண்டும் என்றார்கள். கடல் திரும்ப வந்தால் பிள்ளைகள் ஏறி நிற்க ஓர் இடம் வேண்டும். அந்தக் கதையைத் தொடக்கியவர் குலமண்ணை, உங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். கடல் வந்த அன்று ஏழு வயது மகளைக் கையிலிருந்து பறிகொடுத்த மனிசன். கூட்டத்தில் அவர் அதிகம் கதைக்கவில்லை. "உயரமாய் ஒரு இடம் இருந்திருந்தால்" என்று மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிட்டார். நீங்கள் அலைந்து திரிந்து படத்தை மாற்றுவித்தீர்கள்.

பிளாற் போட்ட நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஒரு திருவிழா மாதிரித்தான் இருக்கிறது. அன்று ஒருவரும் கடலுக்குப் போகவில்லை. நீங்கள் புத்தூரிலிருந்து பவுசர் வண்டியில் தண்ணீர் ஒழுங்கு செய்திருந்தீர்கள். அது ஒழுங்கைக்குள் வந்து திரும்பவே குலமண்ணை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

"ஏன் மச்சான், அம்மன்ரை கிணத்துத் தண்ணி உனக்குக் காணாதோ?"

"கொங்கிறீற்றுக்கு நல்ல தண்ணி வேணுமடா."

"அப்ப நாங்கள் குடிக்கிறது என்ன, கள்ளோ?"

பெண்கள் சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கோயில் கிணற்றடியிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் வாளியோடு வரிசையாய் நின்றார்கள். அம்மனுக்குச் செய்கிற தொண்டு மாதிரி. நீங்கள் ஒரு வாளியை வாங்கி, கையை ஏந்திக் குடித்தீர்கள். இன்னும் ஒருமுறை குடித்தீர்கள். உங்கள் முகம் பிள்ளைமுகமாய் மாறிப் போனது. "சோக்கான தண்ணி. இஞ்சேரும், நீரும் குடிச்சுப் பாரும்" என்று என்னிடம் நீட்டினீர்கள். நானும் குடித்தேன். அமிர்தம் மாதிரி இருந்தது.

எங்கள் ஊரில் மற்றக் கிணறுகளெல்லாம் சவர், வாயில் வைக்க முடியாத உப்பு. அந்தத் தண்ணீரில் பால்தேத்தண்ணீர் போட்டால் பால் திரைந்துபோகும். அம்மன் கிணற்றில்தான் திரையாது. அதனால் அது நல்ல தண்ணீர். பிறந்த நாளிலிருந்து எங்கள் நாக்குக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். அதை வேறு ஊர்த் தண்ணீரோடு வைத்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கொங்கிறீற்றை அம்மன் கிணற்றுத் தண்ணீரில் குழைத்துவிட்டு, வேலை செய்தவர்களுக்குப் பவுசர்த் தண்ணீரில் தேத்தண்ணீர் ஊற்றினோம். குலமண்ணை ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னடாப்பா, சப்பெண்டு கிடக்குது. புத்தூரார் உதைக் குடிச்சோ தோட்டம் கொத்துறவை?" என்றார். முழு ஊரும் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். அன்றிரவு கணக்கில் தண்ணீர் என்ற இடத்துக்கு நேரே தொகை ஒன்றும் எழுதாமல், "ஊரார் உபயம்" என்று எழுதினேன்.

பிளாற் நன்றாகத்தான் இறுகியது. பிள்ளைகள் படியில் ஏறி மேலே நின்று கடலைப் பார்த்துக் கத்துவார்கள். ஊருக்குப் போகும்போதெல்லாம் நீங்கள் விறாந்தையில் நின்று மேலே அண்ணாந்து பார்ப்பீர்கள். மற்றப் பள்ளிக்கூடங்களில் அப்படி நின்று நான் கண்டதில்லை.

சில வருடங்கள் கழித்து, ஒரு பள்ளி விடுமுறையில் அதிபர் ரீச்சர் போனில் கதைத்தார். "ஐயா, மூண்டாம் வகுப்பு வாங்குக்கு மேலை ஒரு துண்டு விழுந்து கிடக்குது. பிள்ளையள் இல்லாதபடியால் தப்பிச்சம். ஒருக்கால் வந்து பாருங்கோ." நீங்கள் சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு எழும்பிவிட்டீர்கள். உங்களைத் தனிய விட மனமில்லாமல் நானும் வந்தேன்.

பிளாற்றின் அடிப்பக்கத்தில் கம்பி ஓடிய வழியெல்லாம் வெடிப்பு. மண்ணிறமாய்க் கறை இறங்கியிருந்தது. நீங்கள் மேசையில் ஏறிச் சுத்தியலால் தட்டினீர்கள். சில இடத்தில் கட்டியான சத்தம். சில இடத்தில் வெறும் பெட்டியைத் தட்டுவது போல ஒரு சத்தம். போகப் போக வெறும் பெட்டிச் சத்தமே கூடுதலாய்க் கேட்டது. பிறகு வெடிப்பின் விளிம்பில் பூத்திருந்த வெள்ளைத் தூளை விரலால் தொட்டு நாக்கில் வைத்தீர்கள். மேசையிலிருந்து உடனே இறங்கவில்லை. நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உப்பு" என்றீர்கள்.

அடுத்த கிழமை பெற்றோர் கூட்டம். நீங்கள் சுற்றி வளைக்கவில்லை. "தண்ணியிலை உப்பு இருந்திருக்கு. உள்ளுக்குக் கம்பி கறள் பிடிச்சு ஊதிப்போச்சு. இனி இதுக்குக் கீழை பிள்ளையளை இருத்தக் கூடாது. பிழை என்னிலை" என்றீர்கள். யாரோ பின்னாலிருந்து, "மேலாலை ஒருக்கால் பூசி விடுங்கோவன் அண்ணை" என்றார்.

"பூசினால் வெடிப்புத் தெரியாது. அவ்வளவுதான். இரும்பு தின்னுப்படுறது நிக்காது."

குலமண்ணை எழும்பினார். "அண்டைக்கு ரெண்டு கை ஏந்திக் குடிச்சனி. சோக்கெண்டு சொன்னனி. கோப்பாய்த் தண்ணி குடிச்சுக் குடிச்சு, இப்பத்தான் எங்கடை தண்ணி உனக்கு உப்புக் கரிக்குதோ?"

நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள். அவர் விடவில்லை. "மண்டபத்தைப் பூட்டினால் பள்ளிக்கூடத்தையே பூட்டுவாங்கள். இருக்கிறதே கைவிரலுக்குள்ளை எண்ணக்கூடிய பிள்ளையள். அது உனக்குத் தெரியும் தானே, மச்சான்?"

"ஓம். தெரியும்."

"தெரிஞ்சும் எழுதிக் குடுக்கப் போறியோ?"

"ஓம்."

வீட்டுக்கு வந்த பிறகும், மண்டபத்தைப் பாவிக்கக் கூடாது என்று கல்வித் திணைக்களத்துக்கு எழுதுவதற்கு உங்களுக்கு இரண்டு நாள் பிடித்தது. பள்ளிக்கூடத்தைப் பூட்டினால் அந்த ஊரில் மிச்சம் இருக்கிற சனங்களும் வெளிக்கிட்டுவிடும் என்று எனக்கும் தெரியும். கூரை விழுந்தால் என்ன நடக்கும் என்றும் தெரியும். மூன்றாம் நாள் காலை குளித்து, திருநீறு பூசி, எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தீர்கள்.

குலமண்ணை சொன்னபடிதான் நடந்தது. மண்டபத்தைப் பூட்டினார்கள். வளவுக்குள் தகரக் கொட்டில் ஒன்று சொந்தச் செலவில் போட்டுத் தருகிறேன் என்று கேட்டீர்கள், பிள்ளைகளின் தொகை காணாது என்றார்கள். பிள்ளைகளை அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்தார்கள். வானுக்குக் காசு கொடுக்க முடிந்தவர்களின் பிள்ளைகள் போனார்கள். மற்றவர்கள் பெண்சாதி பிள்ளைகளோடு நெல்லியடிப் பக்கம் வாடகைக்குப் போய்விட்டார்கள். அதன் பிறகு அந்த ஊரிலிருந்து நல்லது கெட்டதுக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு சொல் வரவில்லை. நீங்களும் புது வேலை எடுக்கவில்லை. பின்னேரத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் போய் இருப்பீர்கள். ஏதும் கேட்டால், "ஒண்டுமில்லையப்பா" என்பீர்கள். அப்படியே ஒரு பின்னேரம் அந்தக் கிணற்றுக்கட்டில் சாய்ந்தபடி போய்விட்டீர்கள்.

உங்கள் செத்தவீட்டுக்கு ஊரிலிருந்து வந்த ஒரே ஆள் குலமண்ணை. உள்ளே வரவில்லை. படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உங்களைத் தூக்கிக்கொண்டு போகும்போது மற்றவர்களுக்குப் பின்னால் கொஞ்சத் தூரம் நடந்தார். பிறகு திரும்பி வந்து என்னிடம், "அந்தப் பிளாற் இன்னும் நிக்குது, தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். குத்திக் காட்டினாரா, ஆறுதல் சொன்னாரா என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

போன மாதம் அம்மன் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். எத்தனை நாளைக்கென்று போகாமல் இருப்பது? பஸ் தரிப்பிலிருந்து கோயிலுக்குப் போகிற வழியில்தானே பள்ளிக்கூடம். பார்க்காமல் போகவேண்டும் என்று தலையைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். கண் கேட்கவில்லை. கதவைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். விறாந்தையில் ஆடுகள். உள்ளே, மூன்றாம் வகுப்பு இருந்த இடத்தில், குலமண்ணை வலையை விரித்துப் போட்டு முடிந்துகொண்டிருந்தார். அவருக்கு நேர் மேலே கம்பி வெளியே தெரிந்தது.

"குலமண்ணை, உதுக்குள்ளை இருக்காதேங்கோ. வெளியிலை வாங்கோ."

"வெளியிலை வெய்யில், தங்கச்சி."

"பூவரசுக்குக் கீழை இருங்கோவன்."

"பூவரசு விழாதெண்டு உன்ரை மனிசன் எழுதித் தந்தவனோ?" என்று சிரித்தார். பல் விழுந்து ஆள் நன்றாய்க் கிழண்டிப் போனார். நான் அழத் தொடங்கியதும் கையில் இருந்த ஊசியைக் கீழே வைத்தார்.

"அவனைப் பொய்யனாக்க இருக்கிறன் எண்டு நினைக்கிறாய் என்ன?"

"பின்னை என்னத்துக்கு அண்ணை?"

"என்ரை பிள்ளையை நினைச்சுக் கேட்டுப் போட்ட பிளாற். அதுக்குக் கீழை ஒருத்தரும் இல்லாமல் எப்பிடித் தங்கச்சி விடுறது?"

நான் வெய்யிலில் நின்றேன், அவர் அந்த நிழலில் இருந்து வலையை முடிந்தார். ஆடு ஒன்று எழும்பிப் போய் வேறு இடத்தில் படுத்தது. வரமாட்டார் என்று தெரிந்த பிறகு கோயிலுக்குப் போனேன்.

அம்மன் வாசலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். உங்களைக் கட்டிய நாளிலிருந்து, நீங்கள் சொன்ன சொல் நிற்கவேண்டும் என்றே கும்பிட்டு வந்தவள் நான். டெண்டருக்கு விலை போட்டாலும் சரி, இன்ன திகதிக்குள் முடிப்பேன் என்று வாக்குக் கொடுத்தாலும் சரி, அது பிசகக் கூடாது என்றுதான் கேட்டிருக்கிறேன். அந்தக் கூரை விழுந்தால் நீங்கள் சொன்னது சரி. ஊர் வாயடைத்துப் போகும். அது நின்றுகொண்டே இருந்தால், ஒரு பள்ளிக்கூடத்தை வீணாய்ப் பூட்டுவித்த மனிசன் என்ற பேர் உங்களை விட்டுப் போகாது. இரண்டையும் வைத்துக்கொண்டு கனநேரம் நின்றேன். பொங்கல் பானையெல்லாம் இறக்கியாகிவிட்டது.

"தாயே, அவர் சொன்னது பிழையாய்ப் போகட்டும்" என்று கேட்டேன்.

கோபிக்காதேங்கோ. உங்களுக்கு எதிராய் நான் வைத்த நேர்த்தி அது ஒன்றுதான். வெள்ளிக்கிழமைகளில் உங்களுக்கென்று ஒரு விளக்கு வைக்கிறேன், அதற்குப் பக்கத்தில் அந்தக் கூரை நிற்கவேண்டும் என்று இன்னொன்று வைக்கிறேன். நீங்கள் மேசையில் ஏறித் தட்டியபோது நானும் கீழே நின்றேன். அந்தச் சத்தம் என் காதிலும் விழுந்தது. நீங்கள் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன்.