ராஜ நடை என்றாயே

காலையில் ரோஸி எழுந்திருக்க முயன்றாள். நகங்கள் டைல்ஸில் கிறீச்சிட்டன. பின்கால்கள் இரண்டும் இரண்டு பக்கமாக வழுக்கிப் போயின. அந்தச் சத்தம் கேட்டதும் உன்னைத்தான் திட்டினேன், தம்பி. செத்துப்போனவர்களைத் திட்டக் கூடாதாம். தம்பிகளுக்கு அதையெல்லாம் யார் பார்ப்பது?

கல்ஃபிலிருந்து திரும்பி தேங்காய்ப்பட்டணத்தில் வீடு கட்டினாய். முகம் பார்க்கிற மாதிரி தரை போட்டாய். அதில் உலாவ ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு குட்டி வாங்கி ரோஸி என்று பெயர் வைத்தாய். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாத உனக்கு அந்த நாயின் பாட்டன் பெயர் மனப்பாடம். வளரும்போதே அவள் இடுப்பை ஆட்டி ஆட்டி நடந்தாள். ஓடினால் பின்கால்களைச் சேர்த்து வைத்து முயல்போலத் துள்ளினாள். "அக்கா, பாத்தியா? ராஜ நடையாக்கும்!" என்றாய். கேட்டில் நின்று பார்த்தவர்களும் வாயைப் பிளந்தார்கள். நோயைப் பார்த்துக் கைதட்டின கூட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நாகர்கோவில் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துச் சொன்னார்: "தொட எலும்பு இடுப்புக் குழியில சரியா உக்காரல்ல. தாய் தகப்பன் வழியா வாறது. இவள இணை சேக்கப்பிடாது."

வெளியே வந்ததும் நீ சொன்னாய்: "மாட்டுக்கு ஊசி போடுத ஆளு. ஷெப்பர்டப் பத்தி இவருக்கு என்ன தெரியும்?"

இணை சேர்த்தாய். குட்டிகளை வாங்கினவர்கள் அதே ராஜ நடையைப் படம் பிடித்து அனுப்பினார்கள். நீயும் ஊரெல்லாம் காட்டினாய். கொஞ்ச நாளில் அந்தப் படங்கள் வருவது நின்றது. ஏன் என்று நீ கேட்கவில்லை.

நீ போன பிறகு உன் வீட்டில் அவள் என்னோடு இருக்கிறாள். நேற்று கொட்டாரம் ஊரிலிருந்து ஒருவர் காரில் ஆண்நாயை ஏற்றிக்கொண்டு வந்தார். இவளால் எழுந்து நிற்கவே முடியாததைக் காட்டினேன்.

"நடக்கல்லேன்னா என்னக்கா? குட்டி போட்டாப் போதாதா? நல்ல ஜாதியில்லியா?"

நீயே காரிலிருந்து இறங்கி வந்தது போலிருந்தது.

"இன்னொரு ஈத்து தாங்கமாட்டா இவ. வந்த வழியப் பாத்துப் போவும்" என்றேன்.

கார் போன பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை. அப்போதே டாக்டரைக் கூப்பிட்டுக் கருப்பையை எடுக்க நாள் கேட்டேன். உன் வீம்பு இவளோடு முடியட்டும். வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்போது முற்றத்துக்குப் போகவும் அவளுக்கு ஆள் வேண்டும். பழைய துவர்த்துத் துண்டு ஒன்றை அவள் வயிற்றுக்கடியில் கொடுத்து, இரண்டு முனைகளையும் பிடித்துப் பின்பக்கத்தைத் தூக்கினால், முன்கால்களால் நடப்பாள். அந்தக் கனத்தில் என் கை மரத்துப்போகிறது. நீ இருந்திருந்தால், வாய் ஓயாமல் ஏசிக்கொண்டே ஒரு முனையை உன் கையில் தந்திருப்பேனேடா, தம்பி.