மஞ்சள் கோடு போட்ட ரேடியோ

ஒவோஸோ, மிச்சிகன்
பிப்ரவரி, வியாழக்கிழமை

என் செல்ல மார்லாவுக்கு அம்மா எழுதுவது. என் முழங்காலைக் கணக்கில் சேர்க்காவிட்டால் உன் அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அந்த பெர்கன் மழையில் நீயும் ஓட்வார் மாப்பிள்ளையும் குட்டிப்பயல் எஸ்கிலும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனில்தான் வாரம் தவறாமல் பேசுகிறோமே, அப்புறம் எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போன் என்றால் உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், இது அவர் காதில் விழக்கூடாத சேதி, அதனால் நூலகத்துக்கு வந்து ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். போன ஞாயிறு அவர் காப்பி எடுக்க உள்ளே போன நேரத்தில் நீ ரகசியமாக ஒன்று சொன்னாயே, ஏப்ரலில் வரும்போது கர்ட் அண்ணனின் காரில் இருந்த பழைய ரேடியோவைக் கொண்டுவந்து அப்பாவுக்குக் கொடுக்கப்போகிறேன், அவர் அசந்துபோவார் என்று. அதைக் கொண்டுவராதே கண்ணு. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு தூரம் பனியில் வழுக்கிக்கொண்டு வந்தேன்.

மற்ற சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துபோவேன். பெர்னிஸ் அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது ஊரில் எல்லார் வீட்டுத் தூசியும் அவளுக்குத் தெரிகிறது, நம் வீட்டுக்கு வந்து "உங்க வீட்டு விளக்கெல்லாம் இவ்ளோ அழுக்கா இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாதே ஆர்டிஸ்" என்று சொல்லிவிட்டு நான் சுட்ட ஆப்பிள் பை பலகாரத்தை மட்டும் குறை சொல்லாமல் தின்றாள். நாய்க்கு வயதாகிவிட்டது, சொல்பேச்சு கேட்பதில்லை, கூப்பிட்டால் கொட்டகைப் பக்கம் மட்டும் வரமாட்டேன் என்கிறது. பனி என்று அப்பா சொல்கிறார். பனியில்லாத அக்டோபரிலும் அது வரவில்லை.

உன் அண்ணன் கர்ட்டின் கார் திரும்பி வந்துவிட்டது என்று உனக்குச் சொன்னேன், எப்படி வந்தது என்று சொல்லவில்லை. உதிரிபாகக் கடை கவுன்ட்டரை விட்டு நான் இறங்கி எத்தனையோ வருஷம் ஆகியும் பழைய வண்டிக்காரர்கள் அசலா போலியா என்று பார்க்க என்னிடம்தான் வருகிறார்கள், அது உனக்குத் தெரியும். போன வருஷம் இண்டியானாவிலிருந்து புரூபேக்கர் என்று ஒருவர் ட்ரெய்லரில் ஒரு செவெல் காரின் வெறும் கூட்டை ஏற்றிக்கொண்டு வந்தார். எழுபதாம் வருஷத்து வண்டி, எஞ்சின் இல்லை, சீட் பாதி இல்லை, உடம்பெல்லாம் யாரோ அடித்த கறுப்பு பெயின்ட். அசல் பெரிய எஞ்சின் வண்டிதானா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். நான் டார்ச்சையும் பல் டாக்டர் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு முன்சுவரில் ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால் மறைவாக அடித்திருக்கும் எண்ணைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். பாதி எண் வருவதற்குள் மீதி எனக்கு வாயில் வந்துவிட்டது. கர்ட் அந்தக் காரை வாங்கிய அன்று நானும் அவனும் அதே இடத்தில் தலையோடு தலை முட்டிக்கொண்டு படித்த எண் அது. டார்ச்சை அணைத்துவிட்டு நிமிர்ந்தேன். அப்போது உன் அப்பா காப்பியோடு வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார், டாஷ்போர்டில் கோணல்மாணலாக வெட்டியிருந்த ஓட்டையைப் பார்த்தார், அந்த விளிம்பில் கட்டைவிரலை வைத்து மெதுவாக ஓட்டினார். பிறகு புரூபேக்கரிடம் "வண்டியை இங்கயே இறக்கிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

உனக்கு அப்போது பன்னிரண்டு வயது, எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ. நாம் எல்லாரும் சர்ச்சுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் என்று வீட்டில் படுத்துக்கொண்டவன், கேசட் பிளேயர் மாட்டுவதற்காக அசல் ரேடியோவைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தகரக் கத்தரியால் டாஷ்போர்டை வெட்டிவைத்திருந்தான். பெருவிரலில் ரத்தம், முகத்தில் சிரிப்பு. அப்பா ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. ஆனால் தூக்கிப்போட்ட ரேடியோவை எடுத்துத் துடைத்து, பழைய பேட்டரி ஒன்றோடு இணைத்து உன் கட்டிலுக்கடியில் வைத்துக் கொடுத்தார், நீ போர்வைக்குள் பேஸ்பால் வர்ணனை கேட்டுக்கொண்டு கிடப்பாய். அடுத்த மார்ச்சில்தான் ஏரியில் பனி உடைந்தது. உறைந்த ஏரிமேல் மீன் பிடிக்கப் போனவனைத் தேடிக்கொண்டு போனபோது கரையில் அந்தக் கார் மட்டும் நின்றது, சாவி அதிலேயே, சீட்டில் அவனுடைய பிளாஸ்க். இழுத்துப்போக வந்தவனிடம் உன் அப்பா "எங்க வேணா கொண்டு போ, எங்க வீட்டுப் பக்கம் மட்டும் கொண்டு வராத" என்றார். அதற்கப்புறம் அது எத்தனை கை மாறியதோ, யார் யார் எதை எதைக் கழற்றிக்கொண்டார்களோ, எங்களுக்குத் தெரியாது.

வந்த நாளிலிருந்து உன் அப்பா கொட்டகையே கதி என்று கிடக்கிறார். எல்லாம் தொழிற்சாலை வாசலை விட்டு வெளியே வந்த அன்று இருந்தபடி இருக்க வேண்டுமாம். கறுப்பைச் சுரண்டினால் அடியில் நீலம், அந்த நீலத்துக்கும் அடியில் அன்றைக்கு வேலை பார்த்தவர்கள் கிரேயானில் கிறுக்கிய எண்கள், சரிபார்த்ததற்கு வைத்த பச்சைப் பொட்டு, அவசரத்தில் பெயின்ட் வழிந்த இடம். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதையெல்லாம் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, புதுப் பெயின்ட் அடித்தபின் அதே இடத்தில் அதே கிறுக்கல், அதே வழிசல் என்று திரும்பப் போடுவார்கள், நீ பார்த்திருக்கிறாய். உன் அப்பாவும் போட்டார். ஆனால் சீட்டில் கர்ட் சிகரெட்டால் சுட்ட ஓட்டை போயிற்று, கையுறைப் பெட்டி மூடியில் சாவியால் கீறிய அவன் பெயர் போயிற்று, பின் கண்ணாடியில் ஒட்டியிருந்த பள்ளிக்கூட ஸ்டிக்கரின் பசை கூடப் போயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை. எவனோ ஒருத்தன் தூக்கக் கலக்கத்தில் வழியவிட்ட பெயின்ட்டைத் தேடிப்பிடித்து வைக்கிறீர்கள், நம் பிள்ளை கை பட்டதை மட்டும் துடைக்கிறீர்களே என்று கத்திவிட்டேன். அவர் கோபப்படவில்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "தொழிற்சாலையில இருந்து வந்த மாதிரியே ஆயிட்டா, அவன் இதை இன்னும் வாங்கவே இல்ல ஆர்டிஸ், ஏரிக்கும் போகல" என்றார். நாற்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்த மனிதர் மார்லா, அன்றைக்கு அவரைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அதோடு அந்தக் கதவு வேறு. வேறொரு வண்டியின் கதவு போட்டிருந்தால் கூடத் தேவலை, அசல் கதவே அதில் இருந்தது. சாப்பாட்டு வேளைக்கு அப்பா கொட்டகையில் வேலையை முடித்துக் கதவை அறைந்து சாத்துவார், இரண்டு சத்தம் கேட்கும், முதலில் கனமாக ஒன்று, பின்னால் சின்னதாக ஒரு கிணுக்கு. கர்ட் வீட்டுக்கு வந்துவிட்டான் என்று அந்த நாளில் எனக்குத் தெரிவது அதை வைத்துத்தான். இப்போதும் அது கேட்டால் என் கை தானாக மூன்றாவது தட்டை எடுத்துவிடுகிறது. எடுத்ததை யாருக்கும் தெரியாமல் திரும்ப அலமாரியில் வைக்கிறேன். பின் சீட்டுக்கு அடியிலிருந்து சிவப்பும் வெள்ளையுமாக ஒரு தூண்டில் தக்கை கிடைத்தது. அதை மட்டும் அப்பா எறியவில்லை, கொட்டகை ஜன்னலில் வைத்திருக்கிறார், ஏன் என்று நான் கேட்கவில்லை.

இனி மிச்சம் இருப்பது அந்த டாஷ்போர்டு ஓட்டை ஒன்றுதான். அதில் மாட்ட வேண்டிய சாமான் எல்லாம் கையில் வந்தபின்தான் டாஷ்போர்டில் வெல்டிங் வைத்து ஓட்டையை அடைப்பார், அவருடைய வழக்கம் உனக்குத் தெரியும். எல்லாம் வந்துவிட்டது, ரேடியோ மட்டும் வரவில்லை. சும்மா ஒரு ரேடியோ போதாது, கார் உருவான தேதிக்குக் கொஞ்சம் முந்திய தேதி அதன் மேல் இருக்க வேண்டும், பிந்தியிருந்தால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சந்தை சந்தையாக அலைந்து அவர் கொண்டுவருவார், நான் பார்த்து வேண்டாம் என்பேன், பின்பக்கம் என் மஞ்சள் கிரேயானால் ஒரு கோடு போடுவேன். ஒருதரம் தள்ளியதையே திரும்பக் கொண்டுவந்து யாரும் தலையில் கட்டிவிடக் கூடாது என்று கவுன்ட்டர் காலத்திலிருந்து வந்த பழக்கம். முதலில் வந்தவை நிஜமாகவே தப்பு. செப்டம்பரில் ஒன்று வந்தது. எண் சரி, தேதி சரி, தகரத்தின் நிறம் கூடச் சரி. அதைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது கார் ஜன்னல் வழியாக அந்த ஓட்டை தெரிந்தது, அவன் கத்தரி நழுவிய இடம், விரல் வெட்டுப்பட்ட இடம். இந்த உலகத்தில் அவன் கைவேலை என்று மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். "இல்லைங்க, மூடி வேற ரேடியோவுது, யாரோ மாத்தியிருக்காங்க" என்று சொல்லிவிட்டுக் கோட்டைப் போட்டேன். இத்தனை வருஷத்தில் அசலைப் போலி என்று நான் சொன்னது அன்றுதான், கோடு கோணலாகப் போயிற்று.

டிசம்பரில் டொலீடோக்காரர் ஒருவரிடம் கிடைத்தது என்று செய்தித்தாளில் சுற்றி இன்னொன்று கொண்டுவந்தார். திருப்பிப் பார்த்தேன். பெயின்ட் கரைக்கும் தின்னர் போட்டு நன்றாகத் துடைத்திருந்தது, ஆனால் ஒரு திருகாணியின் பள்ளத்தில் மஞ்சள் இருந்தது. செப்டம்பரில் நான் போட்ட அதே மஞ்சள்தான் மார்லா. டொலீடோவும் இல்லை, அங்கே ஆளும் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் அவர் ரேடியோவைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுவும் இல்லைங்க" என்று மறுபடி ஒரு கோட்டைப் போட்டேன், அதுவும் கோணலாகவே விழுந்தது. "அப்படியா, நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அன்று இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். போன செவ்வாய்க்கிழமை மறுபடியும் அதையே கொண்டுவந்தார். இந்தத் தடவை கோட்டை அழிக்கக்கூட இல்லை, கோணல் கோடு அப்படியே இருந்தது. நான் அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கோடு போட்டுக் கொடுத்தேன், அவர் வாங்கிக்கொண்டார்.

உன்னிடம் அசல் இருப்பதை அவர் மறந்துவிட்டார் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஈயம் வைத்து அதன் வயரை ஒட்டியதே அவர்தான், எங்கே மறக்கப்போகிறார். அதனால் ஏப்ரலில் மூன்று பேரும் வாருங்கள், எஸ்கிலுக்குக் கனமான சட்டை எடுத்துவை, இங்கே ஏப்ரல் என்பது பேருக்குத்தான். அவன் அந்தக் காரில் ஏறி உட்காரட்டும், ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்க்கட்டும், விளிம்பு வெட்டும், பார்த்துக்கொள். ஓட்வாருக்கு வேலை நிலைக்கட்டும், நீ நன்றாகத் தூங்கு, உன் வீடு நிறைந்திருக்க கர்த்தர் துணையிருப்பார். ரேடியோ உன் அலமாரியிலேயே இருக்கட்டும். அப்பா எப்போதாவது கேட்டால் தொலைந்துவிட்டது என்று சொல். கேட்கமாட்டார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா ஆர்டிஸ்